சித்திக்கு ஒரு நல்ல குழல்

என் சித்தி பல் செய்கிறவர். வைத்தியர் இல்லை. வைத்தியர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் செட் செய்து திருப்பி அனுப்பும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை. மெழுகில் ஈறு செதுக்குவார், பற்களை ஒவ்வொன்றாக நிற்க வைப்பார், வார்த்து எடுத்ததைக் கைக்கு அடக்கமான அரவை இயந்திரத்தால் தேய்த்து வழவழப்பாக்குவார். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்த இயந்திரம் நாள் முழுக்கக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். பேருந்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் என் பக்கம் சாய்ந்து, "மேல் வரிசை நம்ம வேலை, கீழ் வரிசை அவரோடது" என்பார். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பல் சித்தி.

படிப்புக்காக இரண்டு வருடம் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா பேருந்து ஓட்டுநர். மாலையில் சித்தி வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, தேநீர் குடித்து, பின்னறைக்குப் போய்ப் புல்லாங்குழலைப் பொருத்தி ஊதுவார். மூங்கில் குழல் அல்ல. வெள்ளி முலாம் பூசிய உலோகக் குழல். மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம்; துளைகளை மூட விரலால் அமுக்கும் சிறு மூடிகள், அவற்றுக்குச் சாவி என்று பெயர். கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்களுக்கென்று செய்யப்பட்டது. முப்பத்தொன்றாம் வயதில், ஒரு வாத்தியக் குழுவில் ஆள் சேர்க்கிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்துப் போனவர் அங்கேயே கற்றுக்கொண்டு, அங்கேயே பதினான்கு வருடமாக வாசிக்கிறார். குழுவில் இருப்பவர்களெல்லாம் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். நடத்தும் மாஸ்டரே வரி அலுவலகத்தில் எழுத்தர்.

சித்தி ஊத ஆரம்பித்தால் சித்தப்பா எழுந்து கதவைச் சாத்துவார்.

"உன் சித்தி ஊதினா தெருவுல இருக்கிறவன் பல்லெல்லாம் ஆடும். அப்புறம் அவளே பல்லு கட்டிக் குடுப்பா. நல்ல யாவாரம்மா இது."

உள்ளேயிருந்து பதில் வராது. "பாத்தியா? செவிடன் காதுல ஊதின சங்கு" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

வாசித்து முடித்து வெளியே வந்ததும் சித்தி என்னைத்தான் கேட்பார். "எப்படிடி இருந்துச்சு?" நான், "நல்லா இருந்துச்சு சித்தி" என்பேன். கீழ்ச் சுரங்களும் நடுச் சுரங்களும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். மேலே போகும்போது காதைக் குத்தும். அவர் என் அம்மாவின் தங்கை; என்னை வைத்துச் சோறு போடுகிறவர். அதை நான் எப்படிச் சொல்வது?

என் இரண்டாம் வருடத்தில் மாஸ்டர் சித்திக்கு ஒரு தனி வாசிப்பு கொடுத்தார். மெதுவான பாட்டு. கடைசியில் மற்ற எல்லா வாத்தியமும் ஓய்ந்துவிடும். குழல் மட்டும் உச்சிச் சுரத்தில் தனியாக நின்று, மெலிந்து மெலிந்து இல்லாமல் போக வேண்டும். பதினான்கு வருடத்தில் முதல் தனி வாசிப்பு. மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. மூன்றாவது வாரம் மாஸ்டர் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வாசிப்புல குறை இல்லம்மா. வாத்தியம்தான் மேல போனா கத்துது. ஆரம்பக்காரங்க குழல்தானே, அது அவ்வளவுதான் பேசும். முடிஞ்சா மாத்திப் பாருங்க. ஒரு மாசம் டைம் இருக்கு" என்றாராம்.

சித்தி இதை வீட்டில் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமே இல்லை. நிம்மதிதான் இருந்தது.

"நான்கூட எனக்கு மூச்சு போயிடுச்சோன்னு பயந்தேன். ரெண்டு மூணு வருஷமா மேல் சுரமே மங்கலா இருக்கு. எவ்வளவு ஊதினாலும் வெளிச்சம் வரல. குழல்தான் தேஞ்சு போச்சு."

"வாங்கிடு" என்றார் சித்தப்பா. "தெருவுக்கும் நல்லது."

அன்று முதல் வீட்டில் வேறு பேச்சு இல்லை. ஆரம்பக்காரர்கள் குழலுக்கும் மேதைகள் குழலுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. உடல் முழுக்க வெள்ளியாக இருந்தால் விலை கைக்கு எட்டாது. உதடு வைக்கும் தலைத்துண்டு மட்டும் சுத்த வெள்ளி, மற்றது முலாம் என்றால் எட்டும். சத்தத்தில் முக்கால் பங்கு தலைத்துண்டில்தான் இருக்கிறது. சாவிகளின் நடுவே துளை இருந்தால் பார்க்க அழகு. ஆனால் விரல் நுனி சரியாக அதை அடைக்க வேண்டும், சித்தியின் விரல்களோ தேய்த்துத் தேய்த்து நுனி தட்டையானவை. அதனால் துளை வேண்டாம். அடித்துண்டு நீளமானால் இன்னும் ஒரு சுரம் கீழே கிடைக்கும், கை வலிக்கும். அதுவும் வேண்டாம். புதிது கட்டுப்படியாகாவிட்டால் பழுது பார்த்த பழையது பரவாயில்லை. இதையெல்லாம் சித்தி உணவு மேசையில் எனக்கு விளக்கினார். எனக்குக் குழலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் குழலுக்கென்று ஒதுக்கிய இரண்டரை மாதச் சம்பளம் எதற்கெல்லாம் போதும், எதற்குப் போதாது என்பது அத்துப்படியாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்குப் போனோம். முன்புறம் கண்ணாடி அலமாரிகள். பின்புறம் பழுது பார்க்கும் அறை. அங்கே இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் நாலைந்து சிறு திருப்புளிகள். சித்தியின் பழைய குழலை முதலில் வாங்கிப் பார்த்தார். சாவி ஒவ்வொன்றையும் மெல்ல அமுக்கி, காதருகே வைத்துக் கேட்டார்.

"நல்லா வச்சிருக்கீங்களேம்மா."

"வச்சிருக்கேன். அதுதான் என்னைக் கைவிட்டிடுச்சு" என்றார் சித்தி.

கடைக்காரர் மூன்று குழல்களை எடுத்து வைத்தார். இரண்டு புதியவை, ஒன்று பழையது. சித்தி மூன்றையும் கையில் வாங்கி எடை பார்த்தார், கீழ்ச் சுரங்களை ஊதிப் பார்த்தார். பழையதன் தலைத்துண்டு அவருக்குப் பிடித்துவிட்டது. அதைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. கடைக்காரருக்கும் தெரிந்தது.

"இருங்க, இப்பவே மனசைக் குடுத்துடாதீங்க" என்றார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாங்க வருபவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, பின்னாலிருந்து அவரே ஒவ்வொன்றாக வாசிப்பார். எது எது என்று சொல்ல மாட்டார். "இந்தக் கண்ணு இருக்கே, அது வெலைச்சீட்டைப் பாத்துட்டு வந்து காதுகிட்ட கோள் சொல்லும். கொஞ்ச நேரம் அதுக்கு லீவு குடுங்க. வாசிச்சதும் தோணினதை ஒரு வரி எழுதுங்க, போதும்."

"இவளும் எழுதட்டும்" என்றார் சித்தி. "ரெண்டு காதுக்கு நாலு காது. எனக்கு வேண்டியது மேல் சுரம்தான் சார். அதுவும் மெல்லமா. எவ்வளவு மெல்லமா முடியுமோ அவ்வளவு. அதை மட்டும் வாசிங்க."

இரண்டு முக்காலிகளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். ஆளுக்கொரு தாளும் பென்சிலும். சுவரில் இரண்டு ஆணிகளும் ஒரு ஈரக் கறையும் இருந்தன. பின்னால் அவர் குழலை எடுக்கும் சத்தம் கேட்டது.

முதல் சுரம் வந்தது. மெல்லியது, கொஞ்சம் மூச்சுக் காற்று கலந்தது. அப்படியே எழுதினேன். இரண்டாவது வந்தது. சிலந்தி நூலில் வெயில் படுவது போல ஒரு சத்தம். எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. 'இதுதான்' என்று எழுதி, எட்டிப் பார்த்து எழுதியதாக நினைக்கக்கூடாதே என்று சித்தியின் தாளைப் பார்க்காமல் இருந்தேன். மூன்றாவது தொடங்கியது.

"ஆரம்பிங்க சார்" என்றார் சித்தி. "நாங்க ரெடி."

சுரம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் குழலை உதட்டிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி சுவரைப் பார்த்தபடியே, பேருந்து எந்த நிமிடமும் வந்துவிடும் என்று நிற்பவரைப் போல, பென்சில் நுனியைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். தாளில் ஒன்றுமில்லை.

"இப்ப... வாசிச்சிட்டுதான்மா இருக்கேன்" என்றார் அவர்.

சித்தி சிரித்தார். "வெளையாடாதீங்க சார்." பிறகு என்னைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். அதில் இரண்டு வரிகள் இருந்தன.

"வாசிச்சாராடி?"

"மூணாவது வாசிச்சிட்டு இருந்தார் சித்தி."

சித்தி முக்காலியைத் திருப்பிப் போட்டு, கடைக்காரரின் எதிரில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவை. அந்த ரெண்டாவது." அவர் வாசித்தார். சித்தி அவருடைய உதட்டையும் விரல்களையும் பார்த்தார். நடுவில் என் பக்கம் திரும்பாமல், "இப்ப?" என்று கேட்டார். "இப்ப வாசிக்கிறார்" என்றேன். "இப்ப?" "இப்பவும்." அவர் உதட்டிலிருந்து குழலை எடுத்த பிறகும் சித்தி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எது சார்? புதுசா, பழசா?"

கடைக்காரர் குழலைத் துணியால் துடைத்தார். அதற்குத் தேவையே இல்லை. "உங்களோடதும்மா. நான் எப்பவும் வர்றவங்களோடதையும் நடுவுல கலந்து வைப்பேன். இதுல ஒரு பழுதும் இல்ல. நல்ல குழல்."

சித்தி அதைக் கையில் வாங்கி, மூன்றாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் அதன் பள்ளத்தில் வைத்துப் பெட்டியை மூடினார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மூணு வருஷமா இதைத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

திரும்பும் பேருந்தில் பெட்டி அவர் மடியில் இருந்தது.

"நான் வீட்ல வாசிக்கும்போது மேல் சுரம் எப்படிடி இருக்கும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சொல்லு."

"கத்தும் சித்தி. காதைக் குத்தும்."

"எப்பலேர்ந்து?"

"நான் வந்ததிலேர்ந்து."

"தினமும் கேட்டேனே. தினமும் நல்லாருக்குன்னியே."

"பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"பெரியவங்க" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "மாஸ்டரும் அப்படித்தான் நெனச்சிருப்பார். இத்தனை வருஷம் இருக்கிற பொம்பளைகிட்ட நீ கத்துறேன்னு எப்படிச் சொல்றது? வாத்தியத்து மேல போட்டார். உங்க சித்தப்பா கிண்டல்ல போட்டார். ஆளாளுக்கு மரியாதையா இருந்துட்டீங்க." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் கேக்கலைன்னு இன்னும் அடிச்சு அடிச்சு ஊதியிருக்கேன்" என்றார்.

அடுத்த வாரம் சித்தி போய்ப் பார்த்த காது வைத்தியர், என்ன வேலை என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் வேறு கேள்வி கேட்கவில்லை. பேச்சு ஒலிகள் பெரும்பாலும் இருக்கின்றன, உயர்ந்தவைதான் போய்விட்டன, போனது வராது என்றார். குழலுக்கு வைத்த பணம் காதுக் கருவிக்குப் போயிற்று. அதை வைத்தால் சித்தப்பா சமையலறையிலிருந்து கூப்பிடுவது கேட்கிறது. குழல் மட்டும் தகர டப்பாவை உருட்டுவது போல இருக்கிறது என்று சித்தி அதைக் கழற்றிவிட்டு வாசிப்பார். சித்தப்பா இப்போது கதவைச் சாத்துவதில்லை. கூடத்தில் உட்கார்ந்து, கத்துகிற சுரங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். சங்குப் பழமொழியை அவர் வாயில் அப்புறம் நான் கேட்கவில்லை.

தனி வாசிப்பைத் திருப்பிக் கொடுக்க சித்தி தானே போனார். மாஸ்டர், "புதுக் குழல் வரட்டும்மா, பாப்போம்" என்றாராம். "குழல் நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். அங்கே வாசிப்பவர்களுக்கு உச்சிக்குப் போக வேண்டிய வேலை இல்லை. தனி வாசிப்பு முன்வரிசையில் இருந்த வங்கிக்காரப் பெண்ணுக்குப் போயிற்று.

நிகழ்ச்சியன்று நான் சபையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டின் முடிவில் எல்லா வாத்தியமும் ஓய, வங்கிக்காரப் பெண் மட்டும் வாசித்தாள். சித்தி கடைசி வரிசையில் குழலை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இறங்கியதும் கைதட்டினார், மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னால்.

வெளியே வந்ததும், "எப்படி இருந்துச்சு அது?" என்றார்.

"நல்லா இருந்துச்சு சித்தி."

"நல்லா இருந்துச்சான்னு நான் கேக்கல."

வாசலில் ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் என் வாயைப் பார்த்தபடி நின்றார்.

"ஆரம்பத்துல கொஞ்சம் நடுங்குச்சு," என்றேன். "அப்புறம் நேராயிடுச்சு. அப்புறம் மெலிஞ்சுட்டே போச்சு சித்தி. நின்ன பிறகும் இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

நான் யோசித்துப் பார்த்து, அந்தச் சுரம் கேட்ட அளவு நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு விட்டேன்.

"அவ்வளவு நேரமா" என்றார் சித்தி.