குப்பை என்று பேர் வைத்த ரன்

திரையில் சிவப்புப் புள்ளிகள் உலையரிசி மாதிரி துள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிலக்கரித் துகள். அடியிலிருந்து சூடான காற்றை ஊதினால் அவை எப்படிப் புரளும், எந்த இடத்தில் சாம்பல் உருகி அடைத்துக்கொள்ளும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் எனக்கும் என் பக்கத்து சீட் தோழிக்கும் வேலை. சனத்நகரைத் தாண்டி எங்கள் ஆய்வுக்கூடம். இப்படி ஒருமுறை ஓட்டுவதை ‘ரன்’ என்போம். ஒரு ரன் முடிய மாதக்கணக்காகும். நடுவில் செத்துப்போனால், முதலிலிருந்துதான்.

அவள் போலாரத்துக்காரி. தாத்தா காலத்திலேயே தமிழ் மண்ணை விட்டு இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். அவளுடைய பெரிய ரன் இரண்டு முறை பாதியில் நின்றுபோயிருந்தது. மூன்றாவதை நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது ஆரம்பித்தாளாம். நான் திரும்பி வந்த வாரமே அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். “என் ரன்னைப் பார்த்துக்கோடி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றுகூடக் கேட்காத மடச்சி நான்.

ஒருநாள் காலை டிஸ்க் நிரம்பி எல்லோருடைய வேலையும் திணறியது. இடம் பண்ணலாம் என்று தேடினேன். அவள் கணக்கில் ‘குப்பை’ என்று ஒரு பெரிய ஃபோல்டர் கிடந்தது. யோசிக்காமல் அழித்தேன்.

சாயங்காலம் போன் செய்தாள். “குப்பை ஓடுதா?”

“என்ன குப்பை?”

“என் ரன்தான்! பிள்ளை தங்காத வீட்டுல குப்பம்மான்னு பேர் வைக்க மாட்டாங்களா? அந்த மாதிரி. கண்ணு கிண்ணு பட்டுடப் போவுது, நக்கோ, வேணாம்டி!” என்று சிரித்தாள்.

காலையில் நான் அழித்தது அதைத்தான். “ஜோரா ஓடுதுடி” என்றேன்.

மறுநாளே திருட்டுத்தனமாக முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்தேன். அவள் தினமும் சாயங்காலம் கேட்பாள். நானும் துகள் அழகாகப் புரளுகிறது, அடைப்பே இல்லை என்று வாய்க்கு வந்ததை அளப்பேன். மூன்று வாரத்தில் அவள் போய்விட்டாள். புது ரன் அப்போது கால்வாசிகூட ஓடியிருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் கணவர் அவளுடைய போனைக் கொண்டுவந்தார். “ஆபீஸ் மெயிலை மூடணுமாம், நீங்களே பாத்து முடிச்சிடுங்க” என்றார். ரன் நின்றால் அதன் சொந்தக்காரருக்கு மெயில் தானாகப் போகும். அந்தக் கலவரத்தில் அது என் புத்தியிலேயே இல்லை. அந்த மெயில் அங்கே இருந்தது. நான் அழித்த அன்றைக்கே, நண்பகலிலேயே திறந்து படித்து, தன் சொந்த முகவரிக்கும் அனுப்பி வைத்திருக்கிறாள்.

அப்படியானால் முதல் சாயங்காலமே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேர் வைத்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். நான் ஒப்புக்கொள்ளட்டும் என்று தினமும் கேட்டாளா, இல்லை என் பொய்யைக் கேட்பதில் அவளுக்கே ஓர் ஆறுதல் இருந்ததா? யாரைப் போய்க் கேட்பேன்? பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

கடைசியாகப் பேசியபோது குரலே எழும்பவில்லை. “நீ பாத்துக்கறேன்னுதான்டி நான் நிம்மதியா படுத்திருக்கேன்” என்றாள். அதை நம்பி அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.