அண்ணை வெளியில் சொல்லாத உத்தியோகம்

அண்ணை எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் உயிரோடு இருந்தபோது வெளியில் சொல்லவேண்டாமென்று நான் தடுத்த ஒன்றை, இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் இன்று நானே எழுதுகிறேன்.

காங்கேசன்துறைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த எங்கள் ஐயாவின் மூத்த பிள்ளை அவர். பதினெட்டு வயதில் இலங்கைக் கடற்படையில் சேர்ந்து, தந்திப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். அவருடைய சம்பளத்தில்தான் நான் படித்து ஆசிரியையானேன். அவருக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்களும் தட்டிப்போயின. மூன்றாவதைப் பேச அவர் விடவில்லை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்த சில ஆண்டுகளில் போர் மூண்டது. இடம்பெயர்ந்து யாழ்ப்பாண நகரத்தருகே கொழும்புத்துறையில் ஓர் அறை எடுத்துத் தனியே இருந்தார். அயலவர்கள் அவரை ஓய்வுபெற்ற கிளாக்கர் என்று நினைத்தார்கள். அவர் திருத்தவில்லை. என் ஒரே மகன் அரச படைகளின் எறிகணை வீச்சில் இறந்தபின், என் வீட்டிலும் நாங்கள் அந்த உத்தியோகத்தைப் பற்றிக் கதைத்ததில்லை.

போர் முடிந்ததும், அவரோடு கடற்படையில் வேலை செய்த, தெற்கே காலி ஊர்ச் சிங்களவரான குணபாலவிடமிருந்து கடிதம் வந்தது. கப்பலில் நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். முன்னரே ஓய்வுபெற்றவர்களுக்குப் பிந்திய சம்பள உயர்வுகளின்படி ஓய்வூதியம் கூடவில்லை. காயத்துக்கான கொடுப்பனவும் குணபாலவோடு முடிந்துவிடும், மனைவிக்கு வராது. சட்டத்தைத் திருத்தினால்தான் வழி. இருவரும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு மனு எழுதத் தொடங்கினார்கள். ஆங்கிலம் அண்ணையுடையது. குணபால இடையில் இறந்தார். அண்ணை எழுதுவதை நிறுத்தவில்லை.

கடைசியில் திருத்தம் நிறைவேறியது. மறுநாள் காலை அண்ணை பஸ் ஏறிப் பருத்தித்துறைக்கு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி லட்டு.

"சட்டம் பாஸாகீட்டுது, தங்கச்சி. குணபாலவின்ரை மனுசிக்கும் இனிக் கிடைக்கும்."

நான் சுவரில் இருந்த மகனின் படத்தைப் பார்த்தேன்.

"உந்தக் கதையை இஞ்சை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை."

"ஓம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்னட்டைத்தான் சொல்ல வந்தனான்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். லட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், என்ன விசேசம் என்று சொல்லாமல்.

பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் மருந்தையும் கஞ்சியையும் பற்றியே கதைத்தோம். நான் மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவர் கண்ணை மூடினார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

செத்தவீடு முடிந்த பின் அவருடைய போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. குணபாலவின் மனைவி. நான் செய்தி சொன்னேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று அந்த அம்மா வெள்ளைச் சேலையோடு தனியே ரயிலில் வந்து இறங்கினார். யாரென்று என் மச்சாள் ஒருவர் கேட்டார். பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணை நேவியிலை இருந்தவர். இவ அவரோடை வேலை செய்தவரின்ரை மனுசி."

சிலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"உங்கட அண்ணா எழுதின. எனக்கு இப்ப சாப்பாடு இருக்கு. நான் எத்தனை தரம் வீட்டுக்குக் கூப்பிட்ட, அவர் ஒரு நாளும் வரல்ல."

ஆஸ்பத்திரியில் அண்ணையைத் தூக்கி இருத்திய தாதிமாருக்கும், கிரியைகளை முன்னின்று நடத்திய கொழும்புத்துறை அயலவர்க்கும், காலியிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கும் என் நன்றி. எழுந்து போனவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்கள் வீடுகளிலும் படங்கள் தொங்குகின்றன. அண்ணையைப் பற்றி என்னிடம் கேட்கவோ, கோபிக்கவோ இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். பகல் முழுவதும் நான் தனியேதான் இருக்கிறேன்.

– தங்கை