ஞானஸ்நானம் எடுக்காமல் போன என் கணவர்

என் கணவர் குமார் ஞானஸ்நானம் எடுக்காமலே இறந்துபோனார். இதைச் சொல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. அதனால் இதிலேயே தொடங்குகிறேன்.

நான் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் துணி துவைக்கிறேன். ஏழாவதுக்கு மேல் படிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். பஸ் கொஞ்சம் தாமதமானால்கூட எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைப்பேன். அவர் பெயிண்டர். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டோம். போன சித்திரையில் ஒன்றாகவே ஞானஸ்நானம் எடுப்பதாக இருந்தோம்.

எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம். கீழ்பென்னாத்தூரில் ஒரு விசுவாசியின் வயல் கிணற்றில் கொடுப்பார்கள். அந்தக் கோடையில் கிணற்றின் அடியில் சேறுதான் கிடந்தது. "மழை வரட்டும்மா," என்றார் பாஸ்டர். மழை வந்தது. அதற்குள் என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் வைத்துவிட்டார்கள். அதில் தண்ணீர் படவே கூடாது, கிருமி நேராக ரத்தத்துக்குப் போய்விடும் என்றார் டாக்டர்.

கிணறு நிரம்பியிருந்தது. அவரால் இறங்க முடியவில்லை.

பாஸ்டரிடம் போய் அழுதேன். "தலையில கொஞ்சம் தெளிச்சாவது விட்டுடுங்க ஐயா."

"டயாலிசிஸுக்குக் கையில வழி பண்ணிட்டா கழுத்துக் குழாயை எடுத்துடுவாங்கம்மா. அப்ப முழுசாவே எடுக்கலாம். தண்ணி யாரையும் ரட்சிக்கிறதில்ல, ஆண்டவர்தான் ரட்சிக்கிறாரு. அவர் ரட்சிச்சவங்க, ஆமாம்னு சொல்லி இறங்கறதுதான் தண்ணி."

அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் விசுவாசத்தையும் ஞானஸ்நானத்தையும் வேதத்தில் சேர்த்தே சொல்லியிருக்கிறதே, ஒன்று மட்டும் இருந்தால் போதுமா என்று சோறு இறங்கவில்லை. என் கணவர்தான் என்னைக் கிண்டல் செய்வார்.

"குளிக்கவே கூடாதுன்ட்டாரு டாக்டரு. ஆண்டவரு வாசல்ல நின்னுக்கிட்டு, போய்க் குளிச்சிட்டு வாடான்னா சொல்லுவாரு? நீ ஜாஸ்தி யோசிக்கிற செல்வி."

அந்தக் குழாயை எடுக்கிற வரைக்குமாவது அவரை விட்டுவையும் என்று ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. ஐப்பசியில் ஒரு காலை, நான் டீ வாங்க வெளியே போயிருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டார். பக்கத்தில் அவருடைய அண்ணன் மட்டும்தான் இருந்தார்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் விவசாயம் செய்கிறவர். விசுவாசி இல்லை. நாங்கள் சபைக்குப் போவதே அவருக்குப் பிடிக்காது. தம்பியை ஊருக்குக் கொண்டுபோய் அவர்கள் வழக்கப்படியே அடக்கம் செய்தார். பாஸ்டர் ஓரமாக நின்று ஜெபித்தார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். "திருநீறும் பூசல, உங்க முழுக்கும் வாங்கல. ரெண்டு பக்கமும் இல்லாம போய்ட்டான் என் தம்பி."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. துணி அலசும்போதும் அதுதான். மழை பெய்தாலும் அழுகை வரும். சபையில் எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்தார்கள். நான் போகவில்லை. நான் மட்டும் இறங்கினால், அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போன மாதிரி இருக்காதா? ஆண்டவரே, அவர் எங்கே இருக்கிறார், அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்தும் என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மாசியில் மாமா ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்து போட்டார். டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"கெணத்துல தண்ணி கெடக்குதே, நீ இன்னும் முழுகலியாமே. ஏம்மா?"

"ரெண்டு பக்கமும் இல்லாம போய்ட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க மாமா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவத்துல சொன்னதும்மா அது. அன்னிக்கு அவனுக்கு மூச்சு வாங்கிச்சு. அண்ணாமலையாரைக் கூப்புடுடான்னேன். 'நான் இயேசப்பாவைக் கூப்ட்டாச்சுண்ணா, வந்துட்டாரு'ன்னான். அங்க யாருமில்ல. வாசப் பக்கமே பாத்துச் சிரிச்சான். கூடப் பொறந்தவன் நான் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், அவன் வேற யாரையோ பாத்துச் சிரிக்கறான். எனக்கு ஆத்திரம். அதான் உங்கிட்ட சொல்லல."

விசுவாசிகள் எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் மனம்தான் எதையும் நம்பவில்லை. ஆண்டவரோ என் ஜெபத்துக்கான பதிலை, என்னைத் தேற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒருவருடைய வாயில் வைத்து அனுப்பினார். தண்ணீரில் இறங்க முடியாதவரைத் தேடி, அவரே கட்டில் வரைக்கும் வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நான் ஞானஸ்நானம் எடுத்தேன். இரண்டு பேராக இறங்க வேண்டிய படிகளில் தனியாக இறங்கினேன். மாமா வந்திருந்தார். வரப்பிலேயே நின்றார், கிட்டே வரவில்லை. தண்ணீரிலிருந்து எழுந்தபோதும் அழுகைதான் வந்தது. ஆனால் அது பயத்தில் வந்த அழுகை இல்லை. உள்ளே போகக் கொடுக்கிற கட்டணம் இல்லை இந்தத் தண்ணீர், ஏற்கெனவே ஆண்டவருடையவள் ஆகிவிட்டேன் என்று சொல்லி இறங்குவது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

என் கணவர் இல்லாத வீடு இன்னமும் வெறிச்சென்றுதான் இருக்கிறது. பஸ் வரவில்லை என்றால் இன்றும் பயப்படுகிறேன். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று பயப்படுவதில்லை.

சுகமாக இருக்கிறவர்களே, ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடாதீர்கள். என் கணவர் அந்த நாளுக்காக எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத்தான் தெரியும். எடுக்காமல் போன ஒருவருக்காக உங்கள் வீட்டில் யாராவது அழுதுகொண்டிருந்தால், ஆண்டவரிடமே கேளுங்கள். தைரியமாகக் கேட்க முடியாவிட்டால் பயந்துகொண்டே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.