நீலக் கொக்கு சொன்னது

சாப்பிடும்போது கைப்பேசியைப் பார்க்காதே என்று மகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. போன மாதம் ஒரு மத்தியானம் தக்காளிச் சோற்றை அள்ளிக்கொண்டே, "அம்மா, இதப் பாருங்க, செம மர்மமா இருக்கு" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பாதிப் படம் ஓடிவிட்டது. மிச்சப் பாதியைப் பார்த்த பிறகு கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. சாயங்காலம் அது பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

அது ஒரு சின்னப் பொம்மைப் படம். ஒரு டீயை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். பழைய டிவி கேமில் வருமே, கட்டம் கட்டமான ஆட்கள், அவர்கள்தான் அதில் வருகிறார்கள். சிவப்பு பனியன் போட்ட ஒருவன் ஏணி ஏறுகிறான், தாண்டுகிறான், குழியில் விழுகிறான். ஒரு நீலக் கொக்கு அவனைத் தேடிப் புறப்படுகிறது. டாங்கி சுடும் ஆட்டத்துக்குள் போகிறது, கார்ப் பந்தய ஆட்டத்துக்குள் போகிறது, எல்லோரையும் விசாரிக்கிறது. கடைசியில் குழியைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கி, அவன் பக்கத்தில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. படத்தில் ஒரு சத்தமும் கிடையாது.

இதை எடுத்தது யார் என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்களாம். மகள் ஒவ்வொருவர் சொல்வதையும் வாசித்துக் காட்டினாள். ஜப்பான் என்கிறார் ஒருவர். இல்லை, ரஷ்யாவில் தயாரித்த கள்ளக் கேசட் என்கிறார் இன்னொருவர். படத்தின் நான்கு மூலையிலும் குட்டிக் குட்டியாக பிளஸ் குறி இருக்கிறது. தொடக்கத்தில் திரை நிறைய ஒரு பெரிய சிவப்பு பிளஸ் வருகிறது. அது ஏதோ ரகசியக் கூட்டத்தின் சின்னம் என்று ஒருவர் நீளமாக விளக்கியிருக்கிறார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தேன், அது அழுகையாகப் போய் நின்றது. மகள் பயந்துபோய்த் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அது நெருப்பெரிச்சல்ல எடுத்தது கண்ணு" என்றேன். "எஸ்தர் அக்காளும் நானும் எடுத்தது."

மண்ணெண்ணெய் வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு நெருப்பெரிச்சலில் நாங்கள் வேலை பார்த்த பனியன் பிரிண்டிங் யூனிட்தான் ஞாபகம் வரும். சாய பேஸ்ட்டில் மண்ணெண்ணெய் கலப்பார்கள். கீழே நீளமான டேபிள்களில் பனியன் துணியை ஒட்டி, ஸ்கிரீன் என்கிற வலைச் சட்டத்தை அதன்மேல் வைத்துச் சாயத்தை இழுத்துக்கொண்டே போவார்கள். மேலே தகரக் கூரைக்கு அடியில் டிசைன் ரூம். அந்த ரூமில் இரண்டே பேர். ஒன்று நான், கம்ப்யூட்டர் கோர்ஸ் சர்டிபிகேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்ந்து, மவுஸைப் பிடிக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்ளும் இருபது வயதுப் பெண். இன்னொருவர் எஸ்தர் அக்கா. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். ஒரு டிசைனில் எத்தனை நிறமோ அத்தனை கண்ணாடி மாதிரியான பிலிமில் தனித்தனியாக, கையால் வரைந்து பிரிப்பவர். சிவப்புக்கு ஒரு பிலிம், நீலத்துக்கு ஒரு பிலிம். எல்லா பிலிமின் மூலையிலும் பிளஸ் போடுவார். பிளஸ் மேல் பிளஸ் உட்கார்ந்தால்தான் துணியில் படம் முழுதாகச் சேரும். கொஞ்சம் விலகினாலும் ரோஜாவின் சிவப்பு ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் என்று பல்லிளிக்கும். எங்கள் மேனேஜர் படிக்கட்டிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஏனுங்க எஸ்தரம்மா, ரெட் பிலிம் ஆச்சுங்களா? ஷிப்மென்ட் நிக்குதுங்க." கையை எடுக்காமலே, "இந்தா ஆயிட்டு சார்" என்பார் அக்கா. மனிதர் போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார், ஆரம்பித்தே இருக்கமாட்டார்.

அவருக்கு ஒரு மகன், ஜெபின். பால்வாடி வயது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வருவார். அவனுக்குக் கழிவு பிலிமைக் கொடுத்து, "பிளஸ் மேல பிளஸ் வையில ஐயா" என்பார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்துவான். பூவோ யானையோ முழுதாக வந்துவிட்டால் ஒரு சிரிப்பு சிரிப்பான். வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து என் தம்பியோடு டிவி கேம் ஆடுவான். தெருவில் விற்ற கேசட். மேலே அச்சடித்த எழுத்து எந்த மொழி என்றே யாருக்கும் தெரியாது. அதனால் பெயரெல்லாம் பிள்ளைகளே வைத்தார்கள். சிவப்பு பனியன்காரன் 'பனியன் மாமா'. கொக்கு வேறொரு ஆட்டத்தில் வருவது. ஜெபினின் பனியன் மாமா எப்போதும் ஒரே குழியில் போய் விழுவான். இவன் ரிமோட்டைப் போட்டுவிட்டு அழுவான். "கொக்கு வந்து தூக்கலாம்ல?" என்று கேட்பான். கொக்கு வேறு கேசட்டில் இருக்கிறது என்று சொன்னால் அவனுக்குப் புரியாது.

அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்குள் நான் புகுந்து பார்த்ததில்லை. காலையில் கண் வீங்கி வருவார், அவ்வளவுதான் தெரியும். ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு மகனை ஊருக்குக் கூட்டிப்போன அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. பையனைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டார். எஸ்தர் அக்கா பஸ் பிடித்துப் போனபோது கேட்டைத் திறக்கவில்லையாம். போன் போட்டால் குரல் கேட்டதுமே வைத்துவிடுவார்கள். துணிமணி அனுப்பினால் திரும்பி வந்தது. பையனிடம், அம்மா உன்னை விட்டுட்டு ஓடிப்போயிட்டா என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் மூலம் தெரிந்தது. அன்றைக்கு அக்கா வரைந்த பிலிம் எல்லாம் பாழ். அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏட்டி, இந்தக் கம்ப்யூட்டர்ல படத்த அசைய வைக்க முடியுமா?"

முடியும் என்று எதை நம்பிச் சொன்னேனோ. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருபவரைக் கெஞ்சி ஏதோ ஒரு புரோகிராம் போட்டுக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே வேலை. அக்கா பிலிமின் மேல் பிலிம் வைத்து, கொக்கின் இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரைவார். நான் ஸ்கேன் செய்து பிளஸ்களை நேர்ப்படுத்தி ஒட்டிக்கொண்டே போவேன். முதல் தடவை ஓட விட்டபோது கொக்கு பின்பக்கமாகப் பறந்தது. வரிசையைத் தலைகீழாக அடுக்கியிருந்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெயர் போடலாமா என்று கேட்டேன். "எம் பேரு வரப்பிடாது, எம் மூஞ்சி வரப்பிடாது. தெரிஞ்சா வாசல்லயே உடச்சுப் போட்டுருவாவ. கேமோட சும்மா வந்த சிடின்னு நெனைக்கட்டும்" என்றார். கடைசியில் கொக்கு பனியன் மாமாவைத் தூக்கிக்கொண்டு பறப்பதுபோல வைக்கலாம் என்றேன். அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "தூக்கிட்டுப் போற மாதிரி வரஞ்சா பொய்யாப் போயிரும்ட்டி. கூட நிக்கட்டும். அது போதும்."

குரலை கட்டிங் ரூமில் பதிவு செய்தோம். நாலு பக்கமும் துணி ரோல் அடுக்கியிருந்ததால் அங்கே எதிரொலி இருக்காது. மைக் வைத்த ஹெட்போனோடு அக்கா ரோல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் வந்துவிடாமல் நான் கதவுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்தபோது முந்தானை நனைந்திருந்தது. குரலைப் படத்தோடு சேர்த்து ஒட்டிவிடலாம் என்றேன். வேண்டாம், தனி பைலாக இருக்கட்டும் என்றார். எல்லோரும் பார்க்கும்போது படம் மட்டும் ஓடட்டும், குரல் கேட்டால் பிடுங்கிவிடுவார்கள். நிறத்தைப் பிரித்த மாதிரி குரலையும் பிரித்து வைத்துவிட்டார். "பிளஸ் வந்த உடனே கொரல ஓட விட்டா ரெண்டும் சேந்துரும். எம் புள்ளைக்குத் தெரியும். நான் பழக்கியிருக்கேம்லா."

பால்வாடிப் பிள்ளையின் ஞாபகத்தை நம்பி அப்படி ஒரு காரியம் செய்ய அவரால்தான் முடியும். அப்போது எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் உலகமே பிளஸ் மேல் பிளஸ் வைப்பதுதானே, உலகத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டோம்.

அக்கா ஊர்ப்பக்கத்து டெய்லர் ஒருவர் ஊருக்குப் போனபோது, தான் வாங்கிக் கொடுப்பதுபோலப் புது டிவி கேமோடு சேர்த்து சிடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பி வந்தவரைக் கேட்டிலேயே மடக்கினார் அக்கா.

"பாத்தாம்க்கா. கொக்கு வந்ததும் கையத் தட்டுனான்."

"கொரலு?"

"அதுல கொரலு எங்க இருக்கு? படம் மட்டும்தான ஓடுச்சு."

"சரி விடு. வளந்து கண்டுபிடிச்சுக்கிடுவான்" என்று மாடி ஏறிப் போனார். அந்த நம்பிக்கையில்தான் அவர் சில வருஷம் ஓட்டினார் என்று நினைக்கிறேன். மஞ்சள் காமாலை வந்து படுத்தபோதும், "கண்டுபிடிச்சிருப்பானாட்டி?" என்றுதான் கேட்டார். கண்டுபிடித்திருப்பான் அக்கா என்று சொன்னேன். அடக்கத்துக்கு ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. பிரிண்டிங்காரர்கள் சாயக் கையோடு வந்து மண் போட்டார்கள். எங்கள் கம்ப்யூட்டர் அதற்கு முன்பே புகைந்து போயிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் அதோடு போச்சு.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகளின் சோறு காய்ந்திருந்தது. அவள்தான் அந்தப் படத்தை வலையில் போட்ட ஆளுக்குச் செய்தி அனுப்பினாள். பெயரை எனக்கு இன்னொரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஜெபின்.

சென்னையில் வேலை பார்க்கிறானாம். முதல் போனில், "கேமோட வந்த சிடின்னுதான் அத்தை சொல்லுவாங்க ஆன்ட்டி" என்றான். "அந்தக் கொக்கு என்ன சொல்லுதுன்னு சின்ன வயசுலேர்ந்து யோசிப்பேன். அந்தப் பிளஸ்ஸு வரும்போதெல்லாம் கை தானா எதையோ எடுத்து மேல வைக்கப் போவும். ஏன்னு தெரியாது. அதுக்காகத்தான் தேடுனேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன் கட்டாகிவிட்டதோ என்று, "கண்ணு, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சொன்னேன். அம்மா இறந்த செய்தியே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று கோபத்தோடு நினைத்துக்கொண்டிருந்தவனிடம், அவள் உன்னைத் தேடிக்கொண்டே செத்துப்போனாள் என்று நான் சொல்லவேண்டி வந்தது. அந்த வேலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

சிடியில் இன்னொரு பைல் இருந்ததா என்று கேட்டேன். அத்தை மகனிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றான். மறுநாள் கூப்பிட்டான். "படத்த மட்டும்தான் காப்பி பண்ணுனானாம். இன்னொண்ணத் தொறந்தா படமே வரல, அந்தக் கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கரும் கெடையாது, கெட்டுப்போன பைலுன்னு விட்டுட்டானாம்."

"அந்த சிடி எங்கீங்க கண்ணு?"

"தோட்டத்துல மயிலு வெரட்ட எல்லா சிடியும் கயித்துல கட்டித் தொங்க விட்டாவ. அதுவும் அதுல போயிட்டு. மினுமினுப்பு எல்லாம் உரிஞ்சு, பொறவு தூரப் போட்டுட்டாவ. நான் அந்தத் தோட்டத்துலதான் ஆன்ட்டி வெளாடுவேன். அது தலைக்கு மேல சுத்திக்கிட்டே கெடக்கும்."

பிறகு அவன்தான் கேட்டான். "அம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? நான் படத்த ஓட விடுதேன். நீங்க சொல்லுங்க."

மகளின் கைப்பேசியில் நானும் படத்தை வைத்துக்கொண்டேன். அந்தக் குரலை நான் ஒரே தடவைதான் கேட்டிருக்கிறேன், சிடியில் ஏற்றுவதற்கு முன்னால். "பிளஸ் வந்துட்டு" என்றான் அவன். பனியன் மாமா விழுந்தான், கொக்கு தேடியது, குழிக்குள் இறங்கியது. என் கொங்கு நாக்கை வைத்துக்கொண்டு நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஜெபின், இது கொக்கு இல்ல, அம்மா. குழில விழுந்தா அழப்பிடாது. எந்திச்சு மறுபடி ஆடணும். அம்மா உன்னய உட்டுட்டுப் போகல. தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

அதற்குப் பிறகும் அக்கா பேசினார். அவனுக்காகத் தைத்த பை வைத்த பனியனைப் பற்றி ஏதோ சொன்னார், நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார்கூட. என்ன சொன்னார் என்று எனக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. நான் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. கொக்கு இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.