நான்காம் வீட்டு மீட்டர்

மார்ச் 3: 4 யூனிட்.
மார்ச் 4: 3.
மார்ச் 5: 1.
மார்ச் 6: 0.
மார்ச் 7: 0.
மார்ச் 8: 0.

முப்பத்தைந்து வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவருக்குக் கை சும்மா இருக்காது. மனைவி போனபின் தனிக்கட்டையான அவர், காலையில் பால் வாங்க இறங்கும்போதே படிக்கட்டுக்கு அடியில் உள்ள ஆறு மீட்டர்களையும் பார்த்து, முந்தின நாளிலிருந்து எத்தனை யூனிட் ஓடியது என்று நோட்டில் எழுதிவிடுவார். குடியிருப்பில் அவருக்கு ‘யூனிட்டு’ என்றே பெயர்.

மேலே இருப்பது எதிரே நான்காம் வீட்டில் இருக்கும் பஸ் டிரைவரின் கணக்கு. ஏழு வருடத்துக்கு முன் டிரைவரின் மனைவி படிக்கட்டு விளக்கிலிருந்து வயர் இழுத்து இஸ்திரி போட்டதை யூனிட்டு மின்சார ஆபீசுக்கு எழுதிப் போட்டார். அன்றோடு பேச்சு முறிந்தது. அந்த அம்மாள் பிப்ரவரி கடைசியில் இறந்தபோது, போக முகமில்லாமல் தன் கதவுக்குப் பின்னால் நின்று, சவப்பெட்டி படியிறங்கும் சத்தத்தை மட்டும் கேட்டார். சொந்தக்காரர்கள் சில நாளில் கலைந்தார்கள். பிறகு பூஜ்யம். பூஜ்யம் என்றால் ஃபிரிட்ஜ்கூட ஓடவில்லை.

எட்டாம் தேதி ஞாயிறு. ஆலயத்தில் ஆயர் அயலானை நேசிப்பது பற்றிப் பேசினார். யூனிட்டு தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு சூப் வைத்தார். அளவு மறந்துபோய் நாலு பேருக்கு வந்தது. போய்க் கதவைத் தட்டினார்.

தாடியும் கசங்கிய சட்டையுமாக டிரைவர் திறந்தார்.

“என்ன சார், இன்னைக்கு எந்த வயரைப் புடிக்க வந்தீங்க?”

“உங்க மீட்டர் வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடலைங்க. அதான்...”

“அப்ப வெள்ளிக்கிழமையே ஏன் தட்டல?”

யூனிட்டு உள்ளதைச் சொன்னார். “மூணு ரீடிங் பாக்காம மீட்டர் நின்னுபோச்சுன்னு எழுதக்கூடாதுங்க. ஆபீஸ் ரூல்.”

“பட்டினி கெடக்குறவனுக்கும் ரூலா? நல்லாருக்குய்யா உங்க பக்தி!”

கதவு சாத்திக்கொண்டது. சுருக்கென்று தைத்தது. ஆனால் யூனிட்டு நகரவில்லை. மூடிய கதவைப் பார்த்தே பேசினார்.

“வயர் விஷயம் என் தப்பு. வீட்டம்மா போனப்ப வராததும் தப்பு. மன்னிச்சிடுங்க. எனக்கும் தனியா சாப்பாடு இறங்க மாட்டேங்குது. வாங்களேன்.”

பிறகு திரும்பிவந்து இரண்டு தட்டு வைத்து, வாசல் கதவைத் திறந்தே போட்டு உட்கார்ந்தார். சூப் ஆறிப்போனது. இரண்டு நாற்பதுக்கு டிரைவர் உள்ளே வந்தார், கையில் தன் வீட்டு நாற்காலியோடு.

“என்ன பாக்குறீங்க? உங்ககிட்ட ஒண்ணுதானே இருக்கு. உங்க வீட்டம்மா நாற்காலியை நீங்க தூக்கிக் குடுத்த அன்னைக்கு நானும் கதவிடுக்குல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

யூனிட்டு ஜெபம் சொல்ல வாய் திறந்தார். குரல் வரவில்லை. “ஆமென்” என்று டிரைவரே முடித்துவைத்தார்.

நாற்பத்தொரு நாள் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு மகன் வந்து டிரைவரைத் தன் ஊருக்கு அழைத்துப் போனான். நாற்காலி மட்டும் இங்கேயே தங்கியது. “இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குறாங்க. ஆனா என் மீட்டரைப் பாக்கத்தான் ஆளில்ல” என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்.

நான்காம் வீட்டுக்குப் புதியவர்கள் வந்தார்கள். முதல் பூஜ்யத்திலேயே யூனிட்டு போய்த் தட்டினார். ஊருக்குப் போயிருந்தவர்கள் மறுநாள் கேள்விப்பட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்றும் இரண்டு தட்டு வைத்துக் காலி நாற்காலிக்கு எதிரில் சாப்பிடுகிறார்.

நோட்டுக்குள் ஆறு கடிதங்கள் இருக்கின்றன. ஐந்து டிரைவரின் கோணல் எழுத்தில். ஆறாவது மகன் எழுதியது, அப்பாவின் அடக்கம் பற்றி நாலே வரி. வந்து சேர்ந்தது ஜனவரி 19.