அப்பாவின் சம்மதம்

எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘வாயாடி’ என்றால் போதும், வந்து நிற்பேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன். அப்படியொரு பிள்ளை இருந்த வீட்டில்தான், விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. கை கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

பிளஸ் டூ முடித்திருந்த அக்காவுக்குச் சென்னையில் பேச்சுப் பயிற்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அது உருப்படியான படிப்புதானா என்று அவளுக்கே சந்தேகம். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் சீலா மீன் படத்தைக் காட்டி, இது என்ன என்று மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தார். சீலாவாகப் பிடித்து எங்களை வளர்த்தவர் “ஆங்” என்றார். அவ்வளவுதான். இதற்கு வருடக்கணக்கில் படிப்பதா? நர்சிங் என்றால் வெளிநாடாவது போகலாம்.

அத்தைக்குச் சந்தேகமே இல்லை.

“ஏளா, பேசச் சொல்லிக்குடுக்கதுக்கு ஒரு காலேஜா? ஒந்தம்பிய பக்கத்துல உக்கார வையி. கல்லுகூட வாயத் தொறந்து, போதும்லேன்னு கத்தும்.”

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அம்மா முடிவை அப்பாவிடம் தள்ளிவிட்டாள். “அவுக சரின்னா போ.” அப்பாவோ எதைக் கேட்டாலும் தலையாட்டினார். போகட்டுமா என்றாலும் ஆட்டினார், போக வேண்டாமா என்றாலும் ஆட்டினார். ரயிலுக்கு ஒரு நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் செபமாலை. ஆளுக்குப் பத்து மணியாக ஒருவர் மாதா செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வோம். அப்பாவின் பத்து எனக்கு வந்திருந்தது. சும்மா சொல்வேனா? நடுக்கடலில் அடுத்த படகைக் கூப்பிடும் அவருடைய குரலிலேயே முழங்கினேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அதற்குள் நாற்காலியிலிருந்து, “அர்ச்சிஷ்ட மரியாயே” என்று அப்பா பின்பாதியை எடுத்தார். ஒரு சொல் பிசகாமல் ஆமென் வரைக்கும் போனார்.

அத்தை அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். “மாதா பேச வச்சிட்டா! எந்தம்பி பேசுதான்!” வீடு நிறைந்துவிட்டது. ஆளாளுக்குப் போனில் படம் பிடித்தார்கள்.

அக்கா அவர் முன்னால் மண்டியிட்டாள். “அப்பா, நான் சென்னைக்குப் போவட்டா?”

அப்பா வாயைத் திறந்தார். “அர்ச்சிஷ்ட மரியாயே...”

அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே செபம், இன்னும் சத்தமாக. கண்ணை உருட்டி, நல்ல கையால் தொடையில் அறைந்து அறைந்து சொன்னார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“போவாண்டாம், இங்கன இருந்து செபம் பண்ணுன்னு சொல்லுதான்ளா,” என்றாள் அத்தை. எல்லோரும் ஆமாம் என்றார்கள். அப்பா அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் படம் பிடித்தார்கள்.

அக்கா அவர் வாயைக் கையால் மெல்லப் பொத்தினாள். “போதும்ப்பா.” பிறகு எழுந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

நான் பின்னாலேயே போனேன். “அதான் அப்பா பேசிட்டாருல்லா, பொறவு எதுக்குப் போற?”

“அவரு இன்னும் பேசலலே.”

அப்பா பேசியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது, எதிரிலேயே இருந்த இவளுக்குக் கேட்கவில்லை. அம்மாவிடம் ஓடினேன். அக்காவைச் சென்னைக்கு அனுப்புவதற்கு முன்னால் காது டாக்டரிடம் காட்டிவிடச் சொன்னேன்.