நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பழவங்காடியில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு என் வேலை இன்னதென்று இன்றுவரை விளங்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களையும் அரசாங்கத்தில் முடிவெடுக்கிறவர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசவைப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் உட்காரவைத்த முதல் இருவரும் கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

ஒருவர் ஸ்ரீவராகத்துக்கார அம்மாள், ஆராய்ச்சியாளர்; அலுவலகத்தில் எல்லாரும் அவரை அம்மா என்றே கூப்பிடுவோம். பொன்முடி மலையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஏன் வருவதில்லை என்று வருஷக்கணக்கில் அலைந்து, தலையணை கனத்துக்கு ஓர் அறிக்கை எழுதியிருந்தார். மற்றவர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த சுகாதார அதிகாரி. அம்மா ஆய்வு முறையை விளக்கும் ஸ்லைடுகளைத் தாண்டுவதற்குள் அவருக்கு மூன்று போன் வந்துவிட்டது.

"எல்லாம் சரிதான், கேட்டோ. திங்கக்கிழமை நான் எந்தக் காகிதத்துல ஒப்பு போடணும்? அத மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார்.

இன்னும் கொஞ்சம் ஆய்வு தேவைப்படும் என்றார் அம்மா. அதிகாரி கும்பிடு போட்டுக் கிளம்பிவிட்டார்.

அறிக்கையின் சாரத்தை ஒரே பக்கத்தில் எழுதித் தரமுடியுமா என்று படிக்கட்டில் வைத்து அம்மாவைக் கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதற்குள் அதிகாரி ஜீப்பில் பொன்முடி போகிறார் என்று தெரியவந்தது. எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு இடம் கேட்டு வாங்கினேன். கொண்டையூசி வளைவுகள் தொடங்கியதும் அம்மாவுக்குத் தலைசுற்றியது. அதிகாரி வண்டியை நிறுத்தி, பையிலிருந்து ஆரஞ்சுச் சுளை மாதிரியிருக்கும் நாரங்கா மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். மிச்ச வழியெல்லாம் எந்தக் கடையில் ரசவடை நன்றாயிருக்கும் என்பதுதான் பேச்சு. ஸ்லைடு என்ற சொல்லே வரவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அக்கா கூடையை இறக்கிவைத்தபடி எங்களைப் பார்த்தார். கிளினிக்குக்கு ஏன் வருவதில்லை என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு மணிக்கு பூட்டிருவாங்க சாரே. அப்ப நாங்க மலையில நிப்போம். மலைக்கு ஏறி வந்தா எங்க பிரஷர பாக்கப்போறாங்க?"

அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். "இது உங்க ரிப்போர்ட்ல உண்டா?"

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு" என்றார் அம்மா, மெதுவாக.

அதிகாரி சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்கு மாற்றிவிடலாம் என்று அங்கேயே நோட்டைத் திறந்தார். அம்மா தடுத்தார்.

"வேண்டாம். சாயங்காலம்னா நர்ஸ் திரும்பிப் போக பஸ் கிடையாது. ஞாயித்துக்கிழமை காத்தால வச்சுக்கலாம், அவாளுக்கும் லீவு. நர்ஸுக்கு வேற ஒருநாள் லீவு குடுத்துடுங்கோ."

அதுவும் அறிக்கையில் எங்கோ இருந்ததுதான். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். திரும்பும்போது அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, தானாகவே ஒரு தாள் கேட்டு வாங்கி, ஆடும் ஜீப்பிலேயே எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கத்தோடு நிறுத்தியும்விட்டார்.

முதல் ஞாயிறு கொட்டும் மழையில் நாலைந்து பேர்தான் வந்தார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்த மாதம் மழை விட்ட பிறகு வரிசை வாசலுக்கு வெளியே நீண்டது என்று நர்ஸ் போனில் சொன்னபோது, அலுவலகத்தில் எல்லாருக்கும் டீ வாங்கினேன்.

இப்போது அதிகாரி புதிதாக எதையாவது தொடங்குமுன் நேரே அம்மாவைத்தான் கூப்பிடுகிறார். எனக்கு போன் வருவது இருவருக்கும் சண்டை வந்தால் மட்டும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது.